பருவமும் உடையும் தோலும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதை எடுத்தாளுவோர் பலரும் ஆடையாகிய பாதியைப் பற்றியே பேசிவிட்டு, ஆளாகிய பாதியை மறந்துவிடுகின்றனர். ஆளின் புறம் என்பது தோல். அத்தோலின் மேல்தான் ஆடை கிடக்கிறது. ஒரே வெயிலும் ஒரே மழையும் இரண்டின் மீதும் விழுகின்றன. ஆகவே இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்வது பொருத்தமாகும்.

பதினேழு, பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைகிறோம். அதுவரை பள்ளிச் சீருடை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்பா எடுத்துத் தந்த துணி. அம்மா தலையில் வைத்துவிட்ட எண்ணெய். இங்கு வந்த பிறகுதான் நம் சட்டையை நாமே தெரிவு செய்கிறோம். கைக்காசில் ஒரு முகப்பூச்சை நாமே வாங்குகிறோம். அழகாகத் தோன்ற விரும்புவது இளமையின் இயல்பு. அதைக் குறை கூற இக்கட்டுரை எழுந்ததன்று. அதனை ஒழுக்கக் குறைவாகக் கருதும் பெரியோர் தம் கல்லூரி நாளைய நிழற்படங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம். காதை மறைத்த முடியும் காலணியை மறைத்த பெல்பாட்டமும் அங்கே சாட்சி சொல்லும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாம் தெரிவு செய்யும் உடையும் பூச்சும் லால்குடியின் வெயிலுக்கும் காற்றுக்கும், நம் தோலின் இயல்புக்கும் ஒத்தவைதாமா? ஒவ்வாத சட்டை அரிப்போடு போய்விடும். ஒவ்வாத களிம்பு அப்படிப் போவதில்லை. மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் சில களிம்புகள் முகத்தை ஆண்டுக்கணக்கில் கெடுத்துவிடுகின்றன. இக்கட்டுரை அங்கேதான் போய்ச் சேரப் போகிறது. அதற்கு முன் பருவத்தையும் துணியையும் பார்த்துவிடுவோம்.

நம் ஊரின் பருவங்கள்

இலக்கண நூலார் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். கொள்ளிடத்தின் வடகரையில் வாழும் நம் உடம்பு உணர்வது நான்குதான். மாசிக் கடைசியில் தொடங்கும் வெயில் வைகாசி வரை நிற்கிறது. மே 4ஆம் நாளையொட்டித் தொடங்கி 28 வரை அக்கினி நட்சத்திரம். திருச்சிராப்பள்ளியில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்கள் இப்பருவத்தில் உண்டு.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் மலையாள நாட்டில் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்றாக நம் பக்கம் வந்து சேர்கிறது. ஆனியிலும் ஆடியிலும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் வாயிலும் கண்ணிலும் புழுதி. உதடு வெடிப்பது பனிக்காலத்தில் மட்டும் என்று எண்ணுவோர் ஆடி மாதத்தில் தம் உதட்டைத் தொட்டுப் பார்க்கலாம். மூன்றாவது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நான்காவது, மார்கழி தையின் பனி. இந்நான்கில் தோலுக்கு மிகுந்த துன்பம் தருவது வெயிலென்றே பலரும் கருதுவர். என் கருத்தில் மழைக்காலமே கொடியது. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

வியர்வையும் இழையும்

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து கொண்டு போகிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். முதுகில் வழிந்து இடுப்பில் தேங்கும் வியர்வையால் பயன் ஒன்றுமில்லை. அது சட்டையை நனைப்பதோடு சரி. எனவே நல்ல வெயிற்கால ஆடை என்பது வியர்வை ஆவியாக இடம் கொடுக்கும் ஆடை.

காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கையில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழை ஈர்ப்பது 0.4 விழுக்காடு மட்டுமே. இந்தப் பாலியஸ்டரை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலார் கண்டனர். டெரிலின் என்ற பெயரோடு அது நம் நாட்டுக்கு வந்தபோது, கசங்காத சட்டை, இஸ்திரி வேண்டாத சட்டை என்று மக்கள் கொண்டாடினர். கசங்காதது உண்மை. அதை அணிந்து சித்திரை வெயிலில் நடந்தவர் கசங்கினாரா என்பதை எவரும் கேட்கவில்லை.

இதனால் பருத்தியே எக்காலத்துக்கும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. பருத்தி நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீரை எளிதில் விடாது. விளையாட்டுத் திடலில் ஓடும் மாணவனுக்குத் துளைகள் நிறைந்த மெல்லிய செயற்கை இழைப் பனியன் விரைவில் உலர்ந்து உதவுவதுண்டு. கேடு விளைவிப்பது உடம்போடு ஒட்டிய, காற்றுப் புகாத, அடர்த்தியான செயற்கைத் துணி. நெடுநேரம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்க்கு அதனினும் பகை வேறில்லை. ஆகவே இழையைப் போலவே தையலின் அளவும் முக்கியம்.

இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. சினாய்ப் பாலைவனத்து நாடோடி மக்கள் கொளுத்தும் வெயிலில் கருப்பு அங்கி அணிவது ஏன் என்று சில அறிவியலார் ஆராய்ந்து, 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். கருப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட மிகுந்த வெப்பத்தை ஏற்றது உண்மையே. ஆயினும் அவ்வெப்பம் தோலை அடையுமுன், தொளதொளத்த அங்கிக்குள் ஓடும் காற்று அதை வெளியே கொண்டு போய்விட்டது. இரு அங்கிகளிலும் தோல் பெற்ற வெப்பம் ஒன்றாகவே இருந்தது. வெயிலுக்கு வெள்ளை உடுத்து என்று நாம் கேட்டு வளர்ந்த அறிவுரை பிழையன்று. ஆனால் இறுக்கமான வெள்ளைச் சட்டையைவிடத் தளர்ந்த கருஞ்சட்டை உடலுக்கு இதமாக இருத்தல் கூடும். நிறத்துக்கு முன் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

இந்த உண்மையை ஆய்வகமின்றியே அறிந்திருந்தவர் நம் முன்னோர். எட்டு முழ வேட்டியும் நாலு முழ வேட்டியும் கீழே காற்று நுழையத் திறந்தவை. பாவாடை தாவணியும் அப்படியே. உறையூர்ப் பருத்தியின் புகழோ மிகத் தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடற் பயணம்' என்னும் நூல், அர்காரு என்னும் ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் கருத்து. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. நம்மிடமிருந்து பேருந்தில் ஒரு மணிக்குள் அடையும் ஊர் அது. அந்த ஊரை விட்டுவிட்டு மலைக்கோட்டை அருகே என்.எஸ்.பி. சாலைக்குச் சென்று, கால்சட்டைக்குள் கால் நுழையாத அளவுக்கு இறுகிய ஜீன்ஸ் வாங்கித் திரும்புகிறோம்!

ஜீன்ஸின் பிறப்பையும் இங்குச் சொல்லிவிடலாம். 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஜேக்கப் டேவிஸ், லீவை ஸ்ட்ராஸ் ஆகிய இருவர், கிழியாதபடி செப்பு ஆணி அடித்த கால்சட்டைக்கு அமெரிக்காவில் உரிமம் பெற்றனர். சுரங்கத் தொழிலாளர் போன்றோர் அணிந்த உழைப்பு உடை அது. வறண்ட நாட்டில் அது நன்று. நம் ஊரிலும் தை மாசியில் தாராளமான தையலில் அணியலாம். கார்த்திகை மழையில் நனைந்தால் இரண்டு நாளாயினும் காயாது. இப்போது விற்கும் ஜீன்ஸிலோ நீளும் செயற்கை நூலையும் கலந்து, தொடையோடு ஒட்டும்படி செய்துவிட்டார்கள்.

தனக்கென ஒரு பாங்கு

உடையில் தனிப்பாங்கு வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பில் எழுபது பேரும் ஒரே நடிகரின் தலைவெட்டோடு அமர்ந்திருந்தால் அதில் தனிப்பாங்கு எங்கே? காரணத்தோடு தெரிந்தெடுத்த உடையே தனிப்பாங்கு என்பேன். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் விட்டு, இடையில் ஒரு துண்டோடு மக்கள்முன் வந்தார். முழு உடைக்குக் கதர் வாங்க வழியில்லாத ஏழை மக்களைக் கண்டதே அதற்குக் காரணம். அன்று அவருக்கு வயது 51. உலகில் எந்த உடையைக் கண்டாலும் இன்னார் உடை என்று சொல்லும்படி நிலைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

நம் உடைக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணமும் எளிதில் போவதன்று. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்து விழாவுக்கு வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம், வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. வழக்குரைஞர்களின் கருப்பு அங்கியும்கூட வெயிலின்முன் சற்றே இறங்கி வந்திருக்கிறது. உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றங்களும் தவிரப் பிற நீதிமன்றங்களில் கோடைகாலத்தில் கருப்புக் கோட்டு கட்டாயமில்லை என்பது வழக்குரைஞர் மன்ற விதி. கல்லூரி விழாக்களில் பாலியஸ்டர் கோட்டோடு வியர்த்து நிற்கும் நம் மாணவ நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் இவ்விதியைக் கவனிப்பார்களாக.

குடையைப் பற்றி ஒரு சொல். 2013இல் அமெரிக்க மருத்துவர் சிலர் கைக்குடைகளைச் சோதித்ததில், எல்லாக் குடைகளுமே புற ஊதாக் கதிரில் 77 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தன. கருங்குடைகளோ 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தன. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை இவ்வளவு தடுப்பதில்லை. ஆயினும் நம் கல்லூரி வாயிலில் வெயிலுக்குக் குடை பிடித்து வரும் மாணவர் எவரேனும் உண்டா? மாணவியர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்கின்றனர். மாணவரோ குடை பிடிப்பதை ஆண்மைக்கு இழுக்காகக் கருதுகின்றனர். அவர் தாத்தா கருங்குடை இல்லாமல் சந்தைக்குப் போனவரல்லர்.

மழைக்காலமும் படர்தாமரையும்

இனி மழைக்காலம். அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் நெல்வயல் நாடு இது. நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். நடவு நாளில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவது வீட்டில் எல்லோர்க்கும் தெரிந்த நோய். அதே இனத்துப் பூஞ்சை உடம்பில் வட்டமாகப் படர்ந்தால் அதுவே படர்தாமரை. தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதமே அதன் உணவு. நடுவில் ஆறி, ஓரத்தில் சிவந்து, நாளுக்கு நாள் வட்டம் விரியும். அதற்கு வேண்டியவை ஈரமும் வெப்பமும் காற்றுப் புகாமையும். மழை நாளில் சரியாகக் காயாத உள்ளாடை, அதன்மேல் இறுகிய கால்சட்டை, இடுப்பை இறுக்கும் நாடா அல்லது பெல்ட்டு: இம்மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு நாமே பாத்தி கட்டியதாகிறது.

முன்பெல்லாம் இது எளிதில் ஆறும் நோயாக இருந்தது. கடந்த சில ஆண்டுகளாக இந்தியா முழுவதும் இது பெருகி, வழக்கமான மருந்துக்கு அடங்காமல் நிற்கிறது. டெர்பினஃபின் என்னும் மருந்தை எதிர்த்து நிற்கும் ஒரு பூஞ்சை பரவியிருப்பது அதற்கு ஒரு காரணம். 2020இல் அதற்கு இட்ட பெயர் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்படத்தக்க புகழன்று. 2023இல் அது நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டது.

மற்றொரு காரணம் மருந்துக்கடைக் களிம்பு. படர்தாமரை வரும் இடம் பிறரிடம் காட்ட நாணும் இடமாதலால், நம்மவர் மருத்துவரிடம் போவதில்லை. "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறோம். கடைக்காரர் தரும் குழாயில் பூஞ்சைக்கொல்லியோடு, பாக்டீரியாக்கொல்லியும் வலிய ஸ்டீராய்டும் கலந்திருப்பது வழக்கம். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கும். குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அடங்கியது தோலின் எதிர்ப்பு. பூஞ்சையோ தடையின்றி அடியில் பரவுகிறது. வட்டமும் ஓரச் சிவப்பும் மறைந்துபோவதால் மருத்துவர்க்கே நோய் அடையாளம் தெரியாமல் போகிறது. 1968இல் ஐவ், மார்க்ஸ் என்னும் இங்கிலாந்து மருத்துவர் இருவர் இந்நிலைக்கு 'உருமறைந்த படர்தாமரை' என்ற பொருளில் இலத்தீன் பெயர் சூட்டினர். அரை நூற்றாண்டுக்கு முன் கண்ட உண்மை இன்னும் நம் கடைத்தெருவை எட்டவில்லை.

செய்யத்தக்கவை எளியவை. மழைக்காலத்துக்கென்று மெல்லிய, தளர்ந்த, விரைவில் காயும் துணி இரண்டு மூன்று செட்டு வைத்துக்கொள்ளுதல். உள்ளாடையை உட்புறம் வெளியே வரத் திருப்பி உலர்த்துதல். வெயில் இல்லாத நாளில் தையல் மடிப்புகளின்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுதல். குளித்தபின் விரலிடுக்கையும் தொடையிடுக்கையும் துடைத்து உலரவிடுதல். விடுதியில் இருப்போர் துண்டையும் கைலியையும் மாற்றி உடுத்தலாகாது. நட்புக்கு வேறு அடையாளங்கள் உள்ளன. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவரையும் மருத்துவர் பார்க்க வேண்டும். அரிப்பு நின்றபின்னும் அவர் சொன்ன நாள்வரை மருந்தைத் தொடர வேண்டும்.

எண்ணெயும் சோப்பும் பருவும்

பருவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். இளமையில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் பெருகுவதால் எண்ணெய்ச் சுரப்பி மிகுந்து, துளை அடைபட்டு, பரு எழுகிறது. ஆண் பெண் இருபாலார்க்கும் இது பொது. நம் நாட்டில் இதனோடு சேர்வது தலையெண்ணெய். 1970இல் பிளீவிக், ஃபுல்டன், கிளிக்மன் ஆகிய ஆய்வாளர், தலைக்குப் பூசும் எண்ணெய்ப் பசைகளால் நெற்றியோரத்தில் வரும் பருவை விளக்கி எழுதினர். காலையில் வழிய வழிய எண்ணெய் வைத்து, வெயிலில் பேருந்துக்கு ஓடும் நமக்கு அந்த எண்ணெய் நெற்றிக்குத்தான் இறங்குகிறது. எண்ணெயை விடவேண்டியதில்லை, இரவில் வைத்து, காலையில் அலசிவிடலாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பகை எவருமில்லை.

சாதாரணச் சோப்பின் காரத்தன்மை எண் 9 முதல் 10. தோலின் இயல்போ ஐந்தையொட்டிய மென்மையான அமிலத்தன்மை. நாளில் ஐந்தாறு முறை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்ப்பது பருவைக் குறைக்காது, தோலை வறட்டும். இருமுறை போதும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் செல்வது மிகத் தவறு. அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் கதிர்பட்டுத் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, ஆறியபின் கருந்தழும்பை நிறுத்திவிடும். பருவைக் கிள்ளினாலும் அப்படியே. நம்மைப் போன்ற நிறத்தவர்க்குத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் அவ்விடத்தில் கருமை நெடுநாள் நிற்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மார்கழிக் காலையில் வெடிக்கும் காலுக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய் போதும். 2004இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுடைய 34 பேரிடம் சோதித்ததில், தேங்காயெண்ணெயும் கடையில் விற்கும் கனிம எண்ணெயும் சமமாகவே பயன்பட்டன. பரு உள்ள முகத்துக்கு மட்டும் அது ஆகாது, துளையை அடைக்கும்.

நிறம்

இப்போது முகத்துக்கு வருவோம். தமிழில் ஒரு விந்தை உண்டு. வெளுத்த தோலுடையவரைச் 'சிவப்பு' என்கிறோம். நடுத்தரத்தை 'மாநிறம்' என்கிறோம். மற்றதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். மாயோனைக் கரியவன் என்று போற்றிய மொழிதான் இது.

தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியால் அமைவது. அதைச் செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறமித் துகளின் அளவும் வகையும் பரவலுமே வேறு. 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மருத்துவர், வெயிலில் கன்றும் தன்மையை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். முதலில் வெள்ளைத் தோலை மட்டுமே நான்கு வகையாக்கினார். மாநிறத்துக்கும் கருமைக்கும் 5, 6 என்னும் எண்கள் பின்னரே வந்தன. அறிவியலிலும் நாம் பின்னிணைப்பாகவே சேர்ந்தோம் போலும். 1979இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வெள்ளையரின் மேல்தோல் புற ஊதா-பி கதிருக்கு எதிராகத் தரும் காப்பு 3.4 அளவென்றும், கறுப்பரின் மேல்தோல் தருவது 13.4 அளவென்றும் கண்டனர். சித்திரை வெயிலில் நாற்றங்காலில் நிற்கும் நம் அம்மாவுக்கு இயற்கை போர்த்திய சால்வை அது. அச்சால்வையைக் கழற்றுவதற்கு நாம் காசு கொடுக்கிறோம்.

இந்தியாவில் சிவப்பழகுக் களிம்பு பெரிய வணிகமானது 1975இல் ஃபேர் அண்டு லவ்லி வந்தபிறகு. 2005இல் ஆண்களுக்கெனத் தனிக்களிம்பும் வந்துவிட்டது. சமத்துவம் இங்கேனும் நிலவுகிறது. 2009இல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கருமையும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கரிய நிறத்தாரைத் தாழ்ந்தவராகவும் வாழ்வில் தோற்றவராகவும் காட்டலாகாது என்று 2014இல் விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்ற சொல் நீங்கியது. பெயர் மாறியது. மணமகள் தேடும் வீட்டாரின் கேள்வி இன்னும் மாறவில்லை.

இவ்வகை விளம்பரக் களிம்புகளைவிடக் கொடியவை இரண்டு. ஒன்று ஸ்டீராய்டு. 1975இல் கிளிக்மன் என்னும் மருத்துவர், மங்கு போன்ற கருந்திட்டுகளுக்கு ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்த மருந்தைக் கண்டார். மருத்துவர் பார்வையில் சில வாரம் பூச வேண்டிய மருந்து அது. இவ்வகைக் கலவையே இன்று நம் ஊர்களில் நாள்தோறும் பூசும் முகக் களிம்பாகிவிட்டது. "இதைப் போடு தம்பி, மூணே நாள்ல தெரியும்" என்பார் கடைக்காரர். தெரியத்தான் செய்யும். ஸ்டீராய்டு தோலின் நுண்குழாய்களைச் சுருக்குவதால் முகம் உடனே வெளுக்கிறது, பரு அமுங்குகிறது. தோழியர் வியக்கின்றனர், அவர்களும் அதே குழாயை வாங்குகின்றனர்.

சில மாதங்கள் சென்றபின் தோல் காகிதம்போல் மெலிகிறது. கன்னத்தில் சிவந்த நுண்குழாய்கள் தெரிகின்றன. புதுப் பருக்கள் கூட்டமாக எழுகின்றன. பெண்களுக்கு முகத்தில் மயிர் முளைக்கிறது. வெயிலில் இறங்கினால் எரிகிறது. நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால் மூன்றாம் நாள் முகம் சிவந்து வீங்கிக் கொதிக்கிறது. அஞ்சி மறுபடியும் பூசுகிறார்கள். கள்ளுக்கு அடிமையானவன் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிது. கையில் பூசினால் வராத கேடு முகத்தில் ஏன் வருகிறது? ஃபெல்டுமன், மெய்பாக் என்போர் 1967இல் அளந்தனர். முன்கைத் தோல் உறிஞ்சும் ஸ்டீராய்டை 1 என்று கொண்டால், நெற்றி உறிஞ்சுவது 6, தாடை 13, விதைப்பை 42. முகத்துக்கும் மறைவிடத்துக்கும் பூசுவோர் இந்த எண்களை மனப்பாடம் செய்தல் தகும்.

2018இல் மைய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்கிறது. ஆகவே வாங்குபவர்தான் குழாயைப் படிக்க வேண்டும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்றிருப்பினும் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல் என்பது ஒலியில் ஒத்திருப்பினும் பூஞ்சைக்கொல்லியே, குழப்பிக்கொள்ள வேண்டா.

மற்றொன்று பாதரசம். மெலனின் உண்டாவதைப் பாதரச உப்பு தடுப்பதால் முகம் வெளுக்கும். தோல் வழியே புகுந்து சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்து மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். அழகுப் பூச்சில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று மினமாட்டா உடன்படிக்கை முதலில் வரையறுத்திருந்தது. செய்தவர் முகவரியும் உரிம எண்ணும் அச்சிடாத, வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய டப்பாவுக்கு அந்த அளவு தெரியாது.

ஏற்கனவே ஸ்டீராய்டு பூசி வருபவர் இதைப் படித்தால், இன்றிரவே தூக்கி எறிந்துவிட வேண்டா. திடீரென்று நிறுத்தினால் முகம் கொதிப்பது உறுதி. எப்படிக் குறைப்பது, இடையில் எதைப் பூசுவது என்பதைத் தோல் மருத்துவரே சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் அத்துறைக்கு வெளிநோயாளர் பிரிவு உண்டு, கட்டணமில்லை. தோல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதம் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்குள் சரியாக்கித் தாருங்கள் என்று அவரை அவசரப்படுத்திப் பயனில்லை. போகும்போது பிழிந்து தீர்ந்த குழாயாயினும் அதைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதில் அச்சிட்ட பெயரைப் பார்த்தே மருந்து எவ்வளவு வலியது என்பதை மருத்துவர் அறிவார்.